ஓட்டு இல்லாதவர்களும் வேட்பாளரின் கொள்கைப் பட்டியலைப் படிக்க வேண்டும்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு

தேர்தல் ஆண்டில் செப்டம்பர் பிறந்துவிட்டால், தபால் பெட்டியில் மின்கட்டண ரசீதைத் தேடித்தான் எடுக்க வேண்டும். அவ்வளவு தேர்தல் அட்டைகள் வந்து விழும். முன்பக்கம் வேட்பாளரின் சிரித்த குடும்பப் படம். பின்பக்கம் குடியேற்றம், மருத்துவக் காப்பீடு, விலைவாசி, துப்பாக்கி, கருக்கலைப்பு என்று வரிசையாக நிலைப்பாடுகள். ‘நமக்கு ஓட்டா இருக்கிறது?’ என்று நம்மவர்கள் பலர் அதை அப்படியே குப்பைக் கூடையில் போட்டுவிடுகிறார்கள். போடாதீர்கள். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் கீழவை, அதாவது பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துத்தான் பங்கிடப்படுகின்றன. அந்தக் கணக்கில் குடியுரிமை இல்லாதவர்களும் சேர்த்தி. ஒரு தொகுதிக்குச் சராசரியாக 7 லட்சத்து 60 ஆயிரம் பேர். அதில் நீங்களும் ஒருவர்.

முதலில் ஓர் எச்சரிக்கை. ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும்போது, ‘வாக்காளராகப் பதிவு செய்ய விருப்பமா?’ என்று கேட்பார்கள். 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரும்பாலான மாநிலங்களில் அவர்கள் அப்படிக் கேட்டாக வேண்டும். வரிசையில் நிற்கும் அவசரத்தில் ‘ஆம்’ என்று குறித்துவிடாதீர்கள். எச்-1பி வேலை விசாவோ, நிரந்தரமாக வசிக்க அனுமதிக்கும் கிரீன் கார்டோ, குடியுரிமை வராதவரை மத்திய அரசுக்கான தேர்தலில் வாக்களிப்பது குற்றம். குடிமகன் என்று பொய்யாகக் கையெழுத்திடுவது அதைவிட ஆபத்து. நாட்டைவிட்டு அனுப்புவதற்கு அதுவே போதும். பிற்காலத்தில் குடியுரிமை விண்ணப்பத்திலும் இதைக் கேட்பார்கள். தேர்தல் நன்கொடையிலும் ஒரு கோடு உண்டு: கிரீன் கார்டு வைத்திருப்பவர் கொடுக்கலாம், எச்-1பியில் இருப்பவர் கொடுக்கக் கூடாது.

இனி அட்டையைப் படிக்கும் விதம். எந்த வாக்குறுதியைப் பார்த்தாலும், இது இவர் கையில் இருக்கிற காரியமா என்று முதலில் கேளுங்கள். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று வந்ததே, அது ஜனாதிபதியின் பிரகடனம். எச்-1பி ஊழியரின் குடும்பத்துக்குரிய எச்-4 விசாவில் இருக்கும் துணைவர்களில் சிலருக்கு வேலை அனுமதி கிடைப்பது, 2015இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை கொண்டுவந்த விதி. ஆனால் வேலைவழி கிரீன் கார்டு ஆண்டுக்கு சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம், எந்த ஒரு நாட்டில் பிறந்தவருக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பது சட்டம். அதை மாற்ற காங்கிரசால்தான் முடியும். ‘சட்டப்பூர்வக் குடியேற்றத்தை ஆதரிக்கிறேன்’ என்று அட்டையில் இருந்தால் அதில் உங்களுக்கு ஒன்றுமே இல்லை. அப்படிச் சொல்லாத வேட்பாளரை நான் இன்னும் பார்க்கவில்லை. 7 சதவீத வரம்பை எடுப்பாரா, மொத்த எண்ணிக்கையைக் கூட்டுவாரா, இரண்டும் செய்வாரா என்பதே கேள்வி. வரம்பை மட்டும் எடுத்தால் இந்தியாவில் பிறந்தவரின் கிரீன் கார்டு வரிசை நகரும், மற்ற நாட்டவரின் வரிசை நீளும். எண்ணிக்கையைக் கூட்டினால் எல்லோருக்கும் நகரும், ஆனால் அதற்கு எதிர்ப்பும் அதிகம். இலங்கையில் பிறந்த தமிழருக்கும் இந்தியாவில் பிறந்த தமிழருக்கும் இந்த ஒரு விஷயத்தில் நலன் வேறு வேறு என்பதையும் நினைவில் வையுங்கள்.

நடந்த கதையைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். நாட்டு வரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365க்கு 65 என்று நிறைவேறியது. இரு கட்சியினரும் வாக்களித்தார்கள். கலிபோர்னியாவின் ஸோயி லாஃப்கிரன் கொண்டுவந்தது அது. மேலவையான செனட்டில் யூட்டாவின் மைக் லீ கொண்டுவந்த இணை மசோதா 2020 டிசம்பரில் வாக்கெடுப்பு இல்லாமல் ஏகமனதாக நிறைவேறியது. ஆனால் இரண்டு வாசகங்களும் ஒன்றாக இல்லை. ஒத்துப்போகச் செய்வதற்குள் அந்தக் காங்கிரசின் காலம் முடிந்து, இரண்டும் காலாவதியாகிவிட்டன. இரண்டு அவையிலும் தாண்டிய பிறகும் சட்டமாகவில்லை! ஆகையால் ‘நான் அதற்கு ஆதரவாக வாக்களித்தேன்’ என்று ஒருவர் மார்தட்டினால், அது உண்மையாக இருக்கலாம். உங்கள் வரிசை நகர்ந்திருக்காது. அதன் பிறகு என்ன செய்தார் என்று கேளுங்கள்.

அட்டையில் வராத விஷயங்களுக்கும் ஓர் எடுத்துக்காட்டு: ஊருக்குப் பணம் அனுப்புவது. 2025 மே மாதம் பிரதிநிதிகள் சபை 215க்கு 214 என்று ஒரே ஒரு வாக்கில் தாண்டவிட்ட பெரிய வரி மசோதாவுக்குள், குடியுரிமை இல்லாதவர் வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்தின் மீது 3.5 சதவீத வரி இருந்தது. முதலில் 5 சதவீதம் என்றுதான் எழுதியிருந்தார்கள். செனட்டுக்குப் போய் அது 1 சதவீதமாகக் குறைந்து, ரொக்கம், மணியார்டர் போன்றவற்றைக் கொடுத்து அனுப்புவதற்கு மட்டும் என்று ஆனது. 2026 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் இந்த வரி இல்லை. ஓட்டு இல்லாதவருக்கு என்ன வந்தது என்பவர்கள், மதுரையில் இருக்கும் அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்பும் தொகையில் 3.5 சதவீதத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

மருத்துவக் காப்பீடு பெரிய கடல். பெற்றோரைக் கிரீன் கார்டில் அழைத்துவரும் எண்ணம் இருந்தால் மட்டும் ஒன்று கவனியுங்கள்: 65 வயதைக் கடந்தவர்களானாலும், இங்கே வேலை செய்த கணக்கு இல்லாவிட்டால், ஐந்தாண்டு தொடர்ந்து வசித்த பிறகே பணம் கட்டி, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் சேர முடியும். சமூகப் பாதுகாப்பு வரியும் அப்படித்தான். சம்பளத்தில் 6.2 சதவீதம் பிடிக்கிறார்கள். ஓய்வூதியத் தகுதிக்குப் பொதுவாகப் பத்தாண்டு வேலைக் கணக்கு வேண்டும். இரு நாட்டு வேலைக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கும் ஒப்பந்தம் இந்தியாவோடு இல்லை. ஒப்பந்தம் பேசுவது அரசு நிர்வாகத்தின் வேலை என்றாலும், உறுப்பினர் அழுத்தம் கொடுக்கலாம். கருக்கலைப்பைப் பொறுத்தவரை, அது அரசியலமைப்பு தரும் உரிமை அல்ல என்ற 2022 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பெரும்பாலும் மாநிலச் சட்டமே பேசுகிறது. மாநிலச் சட்டமன்ற வேட்பாளரின் அட்டையைத் தேடுங்கள்.

பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால், தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ராஜா கிருஷ்ணமூர்த்தி இருவரும் 2016 தேர்தலில் வென்று சபைக்குப் போனவர்கள். பெருமைப்படலாம், தவறில்லை. ஆனால் எல்லோருக்கும் அரசே காப்பீடு என்னும் மசோதாவை ஜெயபால் முன்னின்று கொண்டுவந்தவர் என்பது, அவர் எங்கே பிறந்தார் என்பதைவிட உங்களுக்கு உதவும் தகவல். அதை நீங்கள் விரும்பினாலும் சரி, வெறுத்தாலும் சரி.

சரிபார்ப்பது எளிது. காங்கிரசின் இணையதளத்தில் மசோதாவின் எண்ணைக் கொடுத்தால், யார் யார் இணைந்து கையெழுத்திட்டார்கள் என்று வரும். யார் எப்படி வாக்களித்தார் என்பதைச் சபைச் செயலரின் தளம் காட்டும். ‘பாடுபடுவேன்’, ‘குரல் கொடுப்பேன்’ போன்ற சொற்களை ஒதுக்கிவிட்டு, மசோதா எண் உள்ள வரிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். புதுமுகமாக இருந்தால் மாநிலச் சட்டமன்றத்திலோ நகர சபையிலோ இருந்தாரா என்று பாருங்கள். கட்சிக்குள் நடக்கும் பிரைமரி தேர்தலுக்கு முன் ஒரு கொள்கைப் பக்கம், வென்ற பிறகு கொஞ்சம் மழுங்கிய இன்னொரு பக்கம் என்பதும் உண்டு. பழைய பக்கத்தை, இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் தேடிப் பிடிக்கலாம்.

தேர்தல் முடிந்த பிறகும் உறுப்பினரின் தொகுதி அலுவலகம் இருக்கிறது. குடியேற்றத் துறையில் விண்ணப்பம் அளவுக்கு மீறித் தேங்கிவிட்டால், தகவல் பெற அனுமதிக்கும் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுங்கள். துறையிடம் விசாரித்துச் சொல்வார்கள். குடியுரிமை தேவையில்லை, அந்தத் தொகுதியில் வசித்தால் போதும். முடிவை மாற்ற அவர்களால் ஆகாது. அட்டையில் அப்படி ஒருவர் வாக்குறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

எச்-4இல் இருக்கும் மனைவி பிரசாரத்துக்குத் தன்னார்வலராகப் போகலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். சம்பளம் வாங்காமல் வீடு வீடாகப் போய்ப் பேசலாம், தொலைபேசியில் அழைக்கலாம். செலவு எப்படிச் செய்வது, யாரை நியமிப்பது போன்ற முடிவுகளில் மட்டும் கலந்துகொள்ளக் கூடாது.