404 காட்டிய கொன்ட்ரோலர்கள்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்
(ஜாவாவில் வெப் சேர்வர் எழுத உதவும் ஸ்பிரிங் பூட்டில், கேட்ட முகவரிக்கு உரிய மெதட்டை வைத்திருக்கும் கிளாஸ்தான் கொன்ட்ரோலர். 404 என்றால் கேட்டது கிடைக்கவில்லை என்று அர்த்தம்.)

ஏறாவூர்:
சம்மாந்துறையில் ஒரு அரிசி ஆலைக்கு நெல் வரவு பதியும் சிஸ்டம். ஸ்பிரிங் பூட் 2.7 இல் இருந்ததை 3 க்கு ஏற்றினோம். எல்லோருடைய கவனமும் ஜாவாஎக்ஸ் என்று தொடங்கும் இம்போர்ட்களைப் புதிய பெயரான ஜகார்த்தா ஆக்குவதிலேயே இருந்தது, அது முடிந்து டெஸ்ட் எல்லாம் பச்சை. மறுநாள் வெட்டு நேரம், லொறிகள் வரிசையில் நிற்க, தராசடியில் நிற்கும் தம்பி எடுத்து "அண்ணன், பட்டியல் வருதில்ல, 404 என்டு காட்டுது" என்கிறான். என் லெப்டொப்பில் அதே பட்டியல் நன்றாகத் திறக்கிறது. ஸ்கிரீனைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பிழைச் செய்தியில் பாத் என்ற இடத்தில் “/வரவு/” என்று இருந்தது, மெதட்டில் இருப்பதோ “/வரவு”. முன்பெல்லாம் கடைசி ஸ்லாஷ் இருந்தாலும் ஸ்பிரிங் பொருத்திக்கொள்ளும், பூட் 3 க்கு அடியில் ஓடும் ஸ்பிரிங் 6 இலிருந்து இரண்டும் வேறு முகவரி. மெதட்டுக்கு மேலே முகவரி எழுதும் கெட்மேப்பிங்கில் இரண்டையும் எழுதிய பிறகுதான் லொறிகள் நகர்ந்தன. அந்தப் படத்தை இன்னும் அழிக்கவில்லை.

கல்முனை:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் இதைப் படிப்பவர்கள் 404 என்றாலே ஸ்லாஷைத் தேடக் கூடாது. நான் பார்த்ததில் அதிகம் பேக்கேஜ், அதாவது கிளாஸ் இருக்கும் ஃபோல்டர், பிரச்சினைதான். எங்களிடம் பயிற்சிக்கு வந்த தங்கச்சி ஒருவர் கொன்ட்ரோலரை மெயின் கிளாஸின் பேக்கேஜுக்குள் வைக்காமல் பக்கத்துப் பேக்கேஜில் வைத்திருந்தார். ஸ்பிரிங் பூட் மெயின் கிளாஸ் இருக்கும் இடத்திலிருந்து கீழேதான் தேடும், பக்கத்தில் எட்டிப் பார்க்காது. சேர்வர் ஒரு குறையும் சொல்லாமல் எழும்பி நிற்கிறது, லொக்கில் ஒரு சிவப்பு எழுத்துக்கூட இல்லை, அந்தப் பிள்ளையோ கிளாஸ் மேலே @ போட்டு எழுதும் அனொடேஷனை அழித்து அழித்து எழுதிக் கண் கலங்கிப் போய் இருக்கிறது. வெப் லொக்கை ட்ரேஸ் அளவுக்கு ஏற்றிப் பார்த்தோம். எந்த முகவரி எந்த மெதட்டுக்கு என்று காட்டும் மேப்பிங் பட்டியலில் அந்தக் கிளாஸின் பெயரே இல்லை.

காத்தான்குடி:
எனக்கு வந்தது 405. அழிக்கும் பட்டனை அமத்தினால் மெதட்டுக்குப் போகாது. எச்டிஎம்எல் போர்முக்கு கெட், போஸ்ட் இரண்டும்தான் தெரியும், போர்முக்குள் மறைத்து அனுப்பிய டிலீட்டை வாசித்து எடுக்கும் ஃபில்டர் பூட் 2.2 இலிருந்து தானாக வேலை செய்யாது, நாம்தான் திறந்துவிட வேண்டும். கதை அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், கல்முனை தங்கச்சி பேக்கேஜ் என்கிறார், ஏறாவூர் ஸ்லாஷ் என்கிறார், இரண்டு பேரும் ஊகத்தில்தான் தொடங்குகிறீர்கள். முதலில் எண்ணைப் பாருங்கள். 405 என்றால் முகவரி பொருந்திவிட்டது, கெட், போஸ்ட், டிலீட் என்ற வினைதான் பிழை, பேக்கேஜைத் தொடவே வேண்டாம். 404 என்றால் மெதட்டுக்குள் ஒரு பிரேக்பொயின்ட், அதாவது ஓட்டம் வந்தால் நிற்கும் இடம், வையுங்கள். அங்கே நின்றுவிட்டுப் பிறகு 404 வந்தால் மேப்பிங்கில் குறை இல்லை, பெரும்பாலும், திருப்பிக் கொடுத்ததை அப்படியே அனுப்பும் ரெஸ்ட்கொன்ட்ரோலருக்குப் பதில் வெறும் கொன்ட்ரோலர் என்று போட்டிருப்பீர்கள், நீங்கள் திருப்பிக் கொடுத்த சொல்லை ஒரு பக்கத்தின் பெயர் என்று நினைத்துத் தேடுகிறது. நிற்கவே இல்லையென்றால் எல்லா முகவரிக்கும் முன்னால் சேரும் கொன்டெக்ஸ்ட்பாத் ஏதும் இருக்கிறதா, கிளாஸ் மேலே எழுதிய பாதையும் மெதட் மேலே எழுதியதும் சேர்ந்து என்னவாகிறது என்று பாருங்கள். ஓடும் சேர்வரின் உள்நிலையைக் காட்டும் அக்சுவேட்டரைச் சேர்த்து அதன் மேப்பிங்ஸைத் திறந்துவிட்டால் எந்த முகவரி எந்த மெதட்டுக்கு என்று எல்லாம் வரும். வெளியே ஓடும் சேர்வரில் மட்டும் அதைத் திறந்து போடாதீர்கள்.

கல்லடி:
காத்தான்குடி நானா, உங்கள் எண் கணக்கில் அடங்காத ஒன்று. பழைய ஸ்பிரிங் 4 புரொஜெக்ட், பாதையின் கடைசியில் மின்னஞ்சலை வைத்து ஆளைத் தேடும் மெதட். முகவரி பொருந்துகிறது, மெதட் ஓடுகிறது, 200 வருகிறது, ஆள் மட்டும் இல்லை. டேட்டாபேஸில் அவர் இருக்கிறார், நான் கண்ணால் பார்க்கிறேன். மெதட்டின் முதல் வரியில் வந்த மதிப்பை அச்சிட்டுப் பார்த்தால் “ஜிமெயில்” என்பதோடு நிற்கிறது. புள்ளியும் கொம்மும் இல்லை! கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வருவதைக் கோப்பு வகை என்று நினைத்து வெட்டிவிடும் பழக்கம் அந்த நாளில் இருந்தது. பாதையிலிருந்து மதிப்பை எடுக்கும் பாத்வேரியபிளின் பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளி, புள்ளி, கூட்டல் குறி போட்டதும் முழுதாக வந்தது. பூட் 2 இலிருந்து அந்தத் தொல்லை இல்லை.

ஏறாவூர்:
நானா, ஊகம் இல்லை, பிழைச் செய்தியில் பாதை எழுதியே இருந்தது. தங்கச்சி, எங்கள் கிளாஸ் பட்டியலில் இருந்தது, ஸ்லாஷ் இல்லாத பாதையோடு. ஸ்பிரிங் 6.2 இல் கடைசி ஸ்லாஷுக்கென்றே யூஆர்எல்ஹேண்ட்லர்ஃபில்டர் வந்திருக்கிறது, ஒவ்வொரு மெதட்டிலும் இரண்டு முறை எழுதத் தேவையில்லை. கல்லடிக்காரர் சொன்னது எனக்குப் புதிது, எங்கள் பழைய புரொஜெக்ட் ஒன்றில் வாகன இலக்கத்துக்குள் புள்ளி வரும், இன்றைக்கே பார்க்கிறேன்.