பெற்றோருக்கு இலவச ஊட்டச்சத்து வகுப்பு: அவசியமா, வீண் செலவா?

தேனி மல்லிகா:
குழந்தை வயிற்றில் இருக்கும்போதிருந்து இரண்டு வயது முடியும்வரை, அம்மா அப்பா இருவருக்கும் அரசே இலவசமாக ஊட்டச்சத்துப் பாடம் நடத்த வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை, 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய ஆய்வில் ரத்தசோகை 51 சதவீதத்துக்குக் கீழேதான் இருந்தது, அதாவது கூடியிருக்கிறது. இத்தனைக்கும் இது ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கிற மாநிலம், காமராஜர் காலத்திலிருந்து மதிய உணவு போடுகிற மாநிலம். வயிறு நிறைகிறது, ஆனால் ரத்தம் ஊறவில்லை. ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்குப் பருப்பை விட்டுவிட்டுப் பருப்புத் தண்ணீரை மட்டும் ஊட்டுகிற வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து இதைச் சொல்ல யாருமில்லை.

குமரன்77:
மல்லிகா அக்கா, உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் நோய் ஒன்று, மருந்து வேறு. ரேஷனில் ஒரு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு, முப்பது ரூபாய்க்கு. நான்கு பேர் உள்ள வீட்டில் அதைப் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராம் சொச்சம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிற அளவு, பெரியவர்களுக்கு நாளுக்குச் சுமார் 85 கிராம் பருப்பு பயறு. மீதியை வெளிக்கடையில் என்ன விலைக்கு வாங்குவது? முட்டை ஆறரை ரூபாய் என்று வைத்தாலும் நான்கு பேருக்குத் தினம் ஒன்று என்றால் மாதம் 780 ரூபாய். நூறு நாள் வேலையை நம்பி இருக்கிற வீட்டில் போய் “முட்டை கொடுங்கள், கீரை கொடுங்கள், பழம் கொடுங்கள்” என்று படம் போட்டுக் காட்டினால் அந்தத் தாய்க்கு என்ன தோன்றும்? அவளுக்குத் தெரியாமல் இல்லை, முடியாமல் இருக்கிறாள். வகுப்புக்குச் செலவழிக்கிற காசை அப்படியே பருப்பாகவும் முட்டையாகவும் கொடுங்கள்.

அப்புறம், வகுப்பு ஏற்கெனவே இருக்கிறதே. செப்டம்பர் வந்தால் ஊட்டச்சத்து மாதம். காய்கறியை அடுக்கி வைத்து, கோலம் போட்டு, போட்டோ எடுத்து மேலே அனுப்பிவிட்டு முடித்துவிடுகிறார்கள். நீங்கள் கேட்கிற வகுப்பும் அப்படித்தான் ஆகும், எனக்கு அந்தப் பயம்தான்.

கிராமச் செவிலி:
பதினைந்து வருஷத்துக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குமரன் தம்பி சொல்கிற வீடுகள் உண்மை. ஆனால் காசு இருந்தும் பிள்ளை தேறாத வீடுகள் அதே அளவுக்கு உண்மை. மல்லிகா சொன்ன அதே ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேர் எடை கூடியவர்கள். அம்மாவுக்கு எடை அதிகம், பிள்ளைக்கு எடை குறைவு, இரண்டும் ஒரே வீட்டில். இதை வெறும் வறுமை என்று சொல்லி முடித்துவிட முடியாது. இரும்புச்சத்து மாத்திரையை இலவசமாகத்தான் கொடுக்கிறோம், அதை டீ குடித்த கையோடு போட்டுக்கொள்கிறார்கள், டீயில் இருக்கிற பொருள் இரும்பை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்தால் நன்றாகச் சேரும். இதைத் தெரிந்துகொள்ள ஒரு பைசா செலவில்லை. அங்கன்வாடியில் வாங்கிய சத்துமாவு பாக்கெட் மாட்டுத் தொட்டியில் கரைவதையும் பார்த்திருக்கிறேன், அந்த வீட்டில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, அதைப் பிள்ளைக்குப் பிடிக்கிற மாதிரி எப்படிக் கிண்டுவது என்று யாரும் செய்து காட்டவில்லை.

பதம் என்று ஒன்று இருக்கிறது. ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்குக் கரண்டியைச் சாய்த்தால் சட்டென்று வழிந்து ஓடாத அளவுக்குக் கெட்டியாக, குழைத்து, ஒரு சொட்டு நெய்யோ எண்ணெயோ விட்டுக் கொடுக்க வேண்டும். பிள்ளையின் வயிறு சின்னது, அதைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் சத்துக்கு இடமேது? இதைப் போஸ்டரில் எழுதினால் புரியாது, அடுப்பு பக்கத்தில் நின்றால்தான் புரியும்.

வேதா சென்னை:
நான் இதை வேறு காரணத்துக்காக எதிர்க்கிறேன். “பெற்றோருக்கு வகுப்பு” என்று பெயர் வைப்பீர்கள், வந்து உட்காருவது அம்மாக்கள் மட்டும்தான். காலை பதினொரு மணிக்கு வைப்பீர்கள், அன்றைய கூலி போகும். பிள்ளை எடை குறைந்தால் “வகுப்பில் சொன்னோமே, நீ ஏன் செய்யவில்லை” என்று பழி அவள் தலையில் விழும். எனக்கே ஒரு கிளினிக்கில் அப்படி நடந்திருக்கிறது, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினேன், அதன்பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

எங்களுக்குப் பாடம் எடுப்பதற்கு முன்னால் எங்களைக் குழப்புகிறவர்களைத் தடுங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பால்மாவு, டப்பா உணவு விளம்பரத்தை 1992 சட்டம் தடை செய்கிறது, சரி. இரண்டு வயது முடிந்த மறுநாளிலிருந்து? டிவியில் உயரமாக வளரலாம், புத்திசாலியாகலாம் என்று சர்க்கரைப் பொடியை விற்கிறார்கள். 2024 ஏப்ரலில்தான் மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய வணிகத் தளங்களிடம் இந்தப் பானங்களை “ஹெல்த் டிரிங்க்” வரிசையில் வைக்காதீர்கள் என்று சொன்னது. அதுவரை எத்தனை வருஷம் அந்தப் பெயரை நம்பிக் காசு கொடுத்தோம். சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு கூடிய பாக்கெட்டின் முன்பக்கம் கறுப்பு எண்கோண முத்திரை கட்டாயம். ஒரு முத்திரை போதும், அதைப் படிக்க வகுப்பு வேண்டாம்.

மேலூர் சண்முகம்:
பிள்ளைகளே, இது புது விவாதம் இல்லை. 1980இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்று ஒன்று தொடங்கினார்கள், முதலில் ஆரம்பித்தது எங்கள் பக்கத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளை மாதா மாதம் எடை போடுவார்கள். எடை சரியாக ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள் சத்துணவு, தேறியதும் நிறுத்திவிடுவார்கள். அந்த 90 நாளும் தாய்க்குப் பக்கத்திலேயே இருந்து பேசுவார்கள். அட்டையில் கோடு ஏறுவதையும் இறங்குவதையும் தாயே பார்த்தாள், எழுத்துத் தெரியாதவளுக்கும் கோடு புரிந்தது. கடுமையான எடைக்குறைவு அந்த ஒன்றியங்களில் நன்றாகவே குறைந்தது. பாடமும் சாப்பாடும் ஒன்றாக வந்ததால்தான் அது நடந்தது என்று நான் நம்புகிறேன். இன்றைக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விடச் சொல்கிறீர்கள்.

குமரன்77:
ஐயா, அதே திட்டத்தைப் பார்த்துத்தான் வங்கதேசம் 1995இல் தன்னுடைய ஊட்டச்சத்துத் திட்டத்தை வடிவமைத்தது. 2005இல் உலக வங்கியின் மதிப்பீட்டுப் பிரிவே அதை ஆராய்ந்து எழுதியது: தாய்மாருக்கு விஷயம் தெரிந்துவிட்டது, ஆனால் நடைமுறையில் செய்ய முடியவில்லை. சந்தைக்குப் போகிறவர் கணவர், அடுப்படியில் முடிவெடுப்பவர் மாமியார், கையில் காசும் நேரமும் இல்லாத மருமகளுக்கு மட்டும் பாடம் நடத்தியிருக்கிறார்கள். நான் சொல்வதும் வேதா சொல்வதும் இதைத்தான்.

தேனி மல்லிகா:
அப்படியானால் மாமியாரையும் கணவரையும் சேர்த்துக் கூப்பிட வேண்டும் என்றுதானே அர்த்தம், வகுப்பே கூடாது என்று எப்படி ஆகும்? அதே வங்கதேசத்தில் 2012 முதல் 2014 வரை இன்னொரு ஆய்வு நடந்தது. சில ஏழை வீடுகளுக்குப் பணம் மட்டும், சில வீடுகளுக்கு உணவு மட்டும், சில வீடுகளுக்குப் பணத்தோடு ஊட்டச்சத்துப் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார்கள். பணம் மட்டும் கொடுத்த வீடுகளில் பிள்ளைகளின் உயரத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை. பயிற்சி சேர்ந்த வீடுகளில் உயரக் குறைபாடு சுமார் 7 சதவீதப் புள்ளி இறங்கியது. அங்கே குடும்பத்து மற்ற ஆட்களையும் அழைத்திருந்தார்கள். குமரன், நீங்கள் கேட்கிற மாதிரி காசை மட்டும் கொடுத்தால் போதாது என்று இதைவிடத் தெளிவாக எப்படிக் காட்டுவது?

குமரன்77:
அந்த ஆய்வு எனக்கும் தெரியும் அக்கா. பயிற்சி மட்டும் கொடுத்த குழு ஒன்று அதில் கிடையாது. பணத்தோடு சேர்ந்தபோது பயிற்சி வேலை செய்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும். நம் ஊரில் என்ன நடக்கும்? செலவு குறைவு என்பதால் வகுப்பை மட்டும் தொடங்கிவிட்டு, பருப்பு முட்டையை அடுத்த பட்ஜெட்டுக்குத் தள்ளிவிடுவார்கள். எனக்கு வகுப்பின் மேல் விரோதம் இல்லை, அது முதலில் வரக்கூடாது.

கிராமச் செவிலி:
ஒன்றைக் கேட்கிறேன், யார் நடத்துவது? அங்கன்வாடி டீச்சர்தான் என்பீர்கள். அவர் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும், எடை உயரம் எடுக்க வேண்டும், எடுத்ததை எல்லாம் போனில் ஏற்ற வேண்டும், சிக்னல் இல்லாவிட்டால் சாலை வரைக்கும் நடந்து போய் ஏற்ற வேண்டும். பல மையங்களில் ஒரே ஆள் இரண்டு மையத்தைப் பார்க்கிறார். அவர் தலையில் இதையும் வைத்தால் குமரன் பயப்படுகிற கோலமும் போட்டோவும்தான் மிஞ்சும். தனி ஆள் போடுங்கள், அந்த ஊர்ப் பெண்ணாக, பிள்ளை பெற்று வளர்த்தவளாக. மாலை ஆறு மணிக்கு மேல், பத்து வீடு சேர்ந்து ஒரு வீட்டு வாசலில், அந்த வீட்டு அரிசியிலும் முருங்கைக்கீரையிலும் சமைத்துக் காட்டட்டும். ஆண்கள் அந்த நேரத்தில் ஊருக்குள் இருப்பார்கள், பாதிப் பேராவது நிற்பார்கள்.

தேனி மல்லிகா:
சரி, அக்டோபர் 2 கிராம சபையில் எங்கள் ஊரில் இதை மனுவாகக் கொடுக்கப் போகிறேன். கார்டுக்கு இரண்டு கிலோ பருப்பு, அதோடு செவிலி அக்கா சொன்ன மாலை நேரச் சமையல் வகுப்பு, தனிச் சம்பளத்தில் தனி ஆள். இரண்டும் ஒரே மனுவில்.

குமரன்77:
பருப்பு முதல் வரியில் இருந்தால் வாசகம் எழுதித் தருகிறேன்.

வேதா சென்னை:
வருகைப் பதிவேட்டில் அப்பா பெயருக்கு ஒரு கட்டம் வையுங்கள். வகுப்புக்கு வராத தாய்க்குச் சத்துமாவையோ மகப்பேறு உதவித்தொகையையோ நிறுத்தக்கூடாது என்றும் எழுதுங்கள். அது இல்லாமல் வருகிற எந்தத் திட்டத்தையும் நான் எதிர்ப்பேன்.