காடு, நீர்வடிப்பகுதி (மழைநீர் வடிந்து ஒரே ஓடையில் சேரும் நிலப்பரப்பு) அளவெடுக்க வந்தவர்களோடு உங்கள் அனுபவம்?

சீகைக்காடு:
நீலகிரியில் அவலாஞ்சி பக்கம் கள ஆய்வுக் குழுவுக்கு ரெண்டு நாள் வழிகாட்டப் போயிருந்தேன். அவங்க கையிலிருந்த செயற்கைக்கோள் வரைபடத்தில் சீகை (வெளிநாட்டிலிருந்து வந்த வாட்டில் மரம்) நிற்கிற சரிவெல்லாம் கரும்பச்சை, மிக அடர்ந்த காடு. ஒட்டியிருந்த புல்வெளி காடில்லா நிலம். கூட வந்த தோடர் பெரியவர் ஒண்ணும் பேசலை. புல்வெளிப் பள்ளத்தில் இறங்கிக் குதிகாலால் அமுக்கினார். மார்ச் மாசம்ங்க! பாதத்தைச் சுத்தித் தண்ணி ஊறி வந்துச்சு. அப்புறம் சீகைக்குள்ள கூட்டிப்போய் அதே மாதிரி அமுக்கினார். சருகு நொறுங்கினதுதான். பவானி ஆத்துக்குப் போற தண்ணி எங்கே இருக்குன்னு அதுக்கு மேல யாரும் சொல்ல வேண்டியதில்லை. குழுவில் இருந்த பையன் படிவத்தைப் புரட்டிப் பார்த்து, "இதை எழுதக் கட்டம் இல்லைங்க" என்றான். மூணு வருசமா அதுதான் உறுத்துது.

கரட்டடி:
பென்னாகரம் பக்கம், மானாவாரி. புதுத் தடுப்பணையை திருஷ்டி ஆப்பில் (நீர்வடிப்பகுதி வேலைகளை இடத்தோட பதிவு பண்ற அரசு செயலி) படம் பிடிச்சு ஏத்த ஒருத்தர் வந்தார். எங்கம்மா கேட்டாங்க: "தம்பி, மேல கரட்டுல வரப்பு போட்டாச்சா?" அடுத்த தவணையில் வரும்னார். வரலை. முதல் பெருமழையிலேயே அணைக்குள்ள கழுத்து வரைக்கும் செம்மண். அம்மா கூடை கூடையா அள்ளி வயலுக்குத் திருப்பிக் கொண்டுபோனது இன்னும் கண்ணில் நிக்குது.

பழைய சங்கிலி:
சீகைக்காடு, ஆய்வுக்குழுவைக் குறை சொல்லாதீங்க. 1987-லிருந்து வரும் இந்திய வன நிலை அறிக்கை தன் விதியை மறைக்கவே இல்லை. ஒரு ஹெக்டேரும் அதுக்கு மேலும் நிலம், 10 சதவீதமோ அதுக்கு மேலோ மரக்கவிப்பு (மேலேயிருந்து பார்த்தா மரத்தழை மூடுற பங்கு) இருந்தால் வனப்பரப்புக் கணக்கில் சேரும். யார் நிலம், என்ன மரம்னு பார்க்காது. பொள்ளாச்சித் தென்னந்தோப்பு ஒண்ணைச் சரிபார்க்கப் போனப்ப, தோப்புக்காரர் "இனி மரம் வெட்ட விடமாட்டாங்களா?"ன்னு கேட்டு நடுங்கிட்டார். ஆகவே வனப்பரப்பு வேறு, அரசு ஆவணத்தில் காடுன்னு பதிவான வனப்பகுதி வேறு. ரெண்டையும் தனித்தனியாப் படிங்க.

கரட்டடி தம்பிக்கு: உங்க நீர்வடிப்பகுதியின் விரிவான திட்ட அறிக்கையை கிராம சபையில் கேளுங்க. மேட்டில் தொடங்கிப் பள்ளத்துக்கு இறங்கணும்னு 2008 பொது வழிகாட்டுதலிலேயே இருக்கு. எந்த சர்வே எண்ணில் எத்தனை மீட்டர் வரப்புன்னு குறிச்சுக்குங்க. கிணத்துல வாரம் ஒருநாள் கயிறு விட்டு நீர்மட்டம் அளங்க, அதே நாளில். தேதியோட நோட்டில் ஏத்துங்க. மழையளவும் பக்கத்திலேயே இருக்கட்டும். மூணு வருசக் கணக்கு கையில் இருந்தா யாரும் உங்களை உட்காரச் சொல்ல முடியாது.

கரட்டடி:
ஐயா, கிராம சபையில் ரெண்டு தடவை கேட்டாச்சு. கிணத்து நோட்டு நல்ல யோசனை, அம்மாகிட்ட சொல்றேன்.

சீகைக்காடு:
சங்கிலி ஐயா, அந்தப் பையனை நான் குறையே சொல்லலை. கட்டம் இல்லைன்னதும் அவன் படிவத்து ஓரத்தில் பென்சிலால் "நீர் ஊறுகிறது"ன்னு எழுதினான், நான் பார்த்தேன். அந்த வேலையில் இருந்தவங்க யாராவது சொல்லுங்க, ஓரத்தில் எழுதினதெல்லாம் கணினியில் ஏறுமா?