கேனன், ஹெட்கேனன்: ‘துணிபு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

‘பொன்னியின் செல்வன்’ நந்தினி பற்றிய இழை இவ்வளவு நீளும் என்று நினைக்கவில்லை. முப்பது மடலுக்கு மேல் வாசித்துவிட்டு எழுதுகிறேன். எனக்குப் பட்டது இதுதான்: சண்டை நந்தினியைப் பற்றியது போலத் தெரிந்தாலும் பாதிக்கு மேல் சொல் இல்லாததால் வருகிறது. “நந்தினி கரிகாலனைக் கொல்லவில்லை” என்று ஒருவர் எழுதுகிறார். அவர் கல்கியின் நாவலைச் சொல்கிறாரா, மணி ரத்னத்தின் படத்தைச் சொல்கிறாரா, தான் மனதில் முடிவு கட்டியதைச் சொல்கிறாரா? மூன்றுக்கும் ஒரே வாக்கியம். பதில் எழுதுபவர் வேறொன்றை நினைத்துக்கொண்டு பதில் எழுதுகிறார்.

உள்ளதை முதலில் பிரித்து வைக்கிறேன். சோழர் காலத்து உடையார்குடிக் கல்வெட்டு, இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைச் சொல்கிறது. நந்தினி அதில் இல்லை. அவள் கல்கியின் படைப்பு. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த நாவலில் கரிகாலன் சாகும் கடம்பூர் மாளிகைக் காட்சி வரும்போது விளக்கு அணைந்துவிடுகிறது. கையில் ஆயுதத்தோடு பலர் அங்கே இருக்கிறார்கள். யார் கை என்று கல்கி நம்மைக் குழப்பத்திலேயே விடுகிறார். பெரிய பழுவேட்டரையர் தானே கொன்றதாகச் சொல்லிக்கொள்வதும் நாவலில் உண்டு. படத்தின் இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28 அன்று வந்தது. அதில் அந்த இருட்டு இல்லை. கரிகாலன் தன் சாவைத் தானே கேட்டு வாங்குகிறான். அதற்கு முன்னரே இருவரின் இளவயதுக் காதலைக் காட்டித்தான் அந்தப் பாகம் தொடங்குகிறது. நாவலில் கந்தமாறனும் பார்த்திபேந்திரனும் அவள் பேச்சில் கட்டுண்டு கிடக்கும் பக்கங்களோடு வளர்ந்தவர்களுக்கு இந்த நந்தினி வேறு ஆள். படத்தை மட்டும் பார்த்த பிள்ளைகளுக்கோ, நாங்கள் ஏன் அவளைச் சூழ்ச்சிக்காரி என்கிறோம் என்றே விளங்கவில்லை.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். கேனன் என்றால் கதையில் இன்னதுதான் நடந்தது என்று மூலமே உறுதியாகச் சொல்வது. அதற்குத் தமிழில் இதுவரை வந்தவை ‘திருமுறை’, ‘மூலமெய்’, ‘அதிகாரபூர்வக் கதை’. கத்தோலிக்க விவிலியத்தில் ‘இணைத் திருமுறை நூல்கள்’ என்று இருக்கிறதே, அதையே எடுப்போம் என்றார் மன்னார் நண்பர். சமய நூல்களுக்கு அது பொருந்தும். ஆனால் யாழ்ப்பாணத்தில் திருமுறை என்றதும் ஓதுவார் குரல்தான் காதில் விழும். ஒரு கதாபாத்திரம் பற்றிய பேச்சுக்கு அதைக் கொண்டுவர எனக்கு மனம் வரவில்லை. ‘அதிகாரபூர்வக் கதை’ அரசாங்கச் சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது. ‘மூலமெய்’யில் ஒரு சிக்கல்: புனைகதையில் மெய் எது? உடையார்குடிக் கல்லா, கல்கியா?

நான் முன்வைப்பது ‘துணிபு’. புதிதாக ஆக்கிய சொல் இல்லை. “இதுவே ஆசிரியர் துணிபு” என்று உரைகளில் வாசித்திருக்கிறோம். ஆராய்ந்து, இன்னதுதான் என்று கொண்ட முடிவு. நன்னூல் சொல்லும் ஏழு மதங்களில், அதாவது நூலாசிரியர் கொள்ளும் கொள்கைகளில், ஒன்று ‘இருவர் மாறுகோள் ஒருதலை துணிவே’. இருவர் மாறுபட்டுக் கொண்ட கருத்துகளில் ஒன்றைத் தேர்ந்து முடிவாகக் கொள்வது. நாங்கள் மூன்று கிழமையாகச் செய்வது இதைத்தானே! அந்த நன்னூலுக்குக் காண்டிகையுரை எழுதிய ஆறுமுக நாவலர் பிறந்த நல்லூரிலிருந்துதான் இந்த மடலை எழுதுகிறேன். ஒரு மூலம், அதற்குப் பல உரை, உரைகளுக்குள் சண்டை, பாடபேதம், இடைச்செருகல் என்று இந்தப் பேச்சுக்கான கருவிகள் எல்லாம் தமிழில் பல நூற்றாண்டாகப் புழங்கியவை.

ஆகவே, கேனன் ‘மூலத்துணிபு’: மூலநூல் தானே முடிவாகச் சொல்வது. படம் முடிவாகச் சொல்வது ‘திரைத்துணிபு’. ஹெட்கேனன் ‘வாசகர் துணிபு’: மூலம் சொல்லாமல் விட்ட இடத்தில் ஒரு வாசகர் தனக்கென்று கொண்ட முடிவு. அதையே பலர் கூடி ஏற்றுக்கொண்டு, கடைசியில் மூலத்தில் இருப்பதாகவே நம்பத் தொடங்கினால் அது ஃபேனான். ‘இரசிகர் துணிபு’ எனலாம். அடாப்டேஷனுக்குத் ‘தழுவல்’ இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். முன்பு சொன்ன கதையைப் பின்னால் வந்து மாற்றும் ரெட்கானுக்கு ‘பின்திருத்தம்’ என்று கோவை நண்பர் சொன்னது எனக்குச் சம்மதம்.

வாசகர் துணிபு என்ற சொல்லை நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாகக் கேட்கிறேன் என்று சொல்ல வேண்டும். அம்மம்மா தொடரின் பக்கங்களை வாரம் வாரம் பிரித்தெடுத்து ஐந்து பாகமாகக் கட்டி வைத்திருந்தார். சாக்குத் துணி ஒட்டிய முதுகு, உள்ளே பூச்சிக்கு வேப்பிலை. 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தபோது சைக்கிள் கரியரில் நாலு பாகம்தான் ஏறியது. ஐந்தாவது அலுமாரிக்குள் நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. சாவகச்சேரியில் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்து நாலு பாகத்தையும் வாசித்து முடித்துவிட்டு, மிச்சத்தைக் கேட்டேன். அம்மம்மா வாயால் சொன்னார். “விளக்கு நூர்ந்து போச்சு பிள்ளை. ஆர் குத்தினதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அவள் பிறகு இஞ்சாலை வந்திட்டாள். தாய் இருந்த தீவிலை தனிய இருந்தவள்.”

நந்தினியின் தாய் என்றால் ஊமை ராணி, மந்தாகினி. சுந்தர சோழர் இளவரசனாகக் கடலில் அகப்பட்டு ஒதுங்கிய அந்தத் தீவு நாவலில் ஈழத்தை ஒட்டியது. எங்களுக்கு அது ஊர்காவற்றுறைப் பக்கம் படகேறினால் வந்துவிடும் இடம் மாதிரித்தான். பல வருடம் கழித்து, பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு ஐந்தாம் பாகத்தைக் கையில் எடுத்தேன். விளக்கு அணைவது இருந்தது. நந்தினி தீவுக்கு வருவது இல்லை. இரண்டு தரம் பக்கம் புரட்டித் தேடினேன். அம்மம்மா அப்போது உயிரோடு இல்லை.

அவர் பிழையாகச் சொன்னார் என்று எழுத எனக்குக் கை வராது. கட்டுக்கதை என்றும் சொல்ல மாட்டேன். ஊரைவிட்டு வந்து இன்னொருவர் விறாந்தையில் இருந்த ஒரு மனுசி, போக இடமில்லாமல் நின்ற ஒரு பெண்ணுக்கு ஒரு இடம் கொடுத்தார். அது மூலத்துணிபு அல்ல, சரி. ஆனால் அதற்கு மரியாதையான ஒரு பெயர் வேண்டும். ‘கற்பனை’, ‘பிழையான வாசிப்பு’ இரண்டும் அதற்குப் பொருந்தவில்லை. அது ஒரு வாசகரின் துணிபு.

படத்தையும் இதே மாதிரிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். கல்கி இருட்டாக விட்ட இடத்தில் படம் தன் துணிபைச் சொல்லியிருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த இருட்டுத்தான் நந்தினியின் பலம். ஆனால் “நாவலைக் கெடுத்துவிட்டார்கள்” என்பதும் “திரைத்துணிபு மூலத்துணிபோடு முரண்படுகிறது, இன்ன இடத்தில்” என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதோடு மறுத்துப் பேசலாம்.

வரப்போகும் மறுப்பு எனக்குத் தெரியும்: துணிபு என்றால் துணிவு, தைரியம் என்று வாசிப்பார்கள். நன்னூலே முடிவு என்ற பொருளில் துணிவு என்கிறது, உண்மை. ஆனால் இன்று தைரியம் என்ற பொருள் ‘துணிவு’க்குப் போய்விட்டது, முடிவு என்ற பொருளில் எழுதுபவர்கள் “என் துணிபு” என்று பு போட்டே எழுதுகிறார்கள். வழக்கே பிரித்துத் தந்துவிட்டது.

‘வாசகர் துணிபு’ என்பதைத் ‘தன்துணிபு’ என்று சுருக்கலாமா என்று கேட்ட தங்கச்சிக்கு: சொல் அழகாக இருக்கிறது, ஆனால் யாருடைய தன் என்ற கேள்வி வரும். ஆசிரியரும் தன் துணிபைத்தான் எழுதுகிறார்.

ஒரு சந்தேகம் மட்டும் தீர்க்க வேண்டியிருக்கிறது. மூலத்துணிபு, திரைத்துணிபு இரண்டையும் சேர்த்தும் வாசகர் துணிபு, இரசிகர் துணிபு இரண்டையும் பிரித்தும் எழுதியிருக்கிறேன். அகராதிப் பதிவுக்கு எல்லாம் ஒரே வடிவில் இருந்தால் நல்லது. இலக்கணம் தெரிந்தவர்கள் சேர்ப்பதா பிரிப்பதா என்று சொல்லுங்கள், அதன்படி திருத்தி அனுப்புகிறேன்.