தொழில்நுட்ப முன்கணிப்பை நம்பி நூலகத்துக்குப் பத்தாண்டுத் திட்டம் வரையலாமா?

ஏட்டுவாசல் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஒரு பொது நூலகத்துக்கான பத்தாண்டுத் திட்ட வரைவைத் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. கட்டட விரிவாக்கம், நூல் கொள்முதல், பணியாளர் பயிற்சி ஆகிய அனைத்துக்கும் அடிப்படையாக, எந்தத் தொழில்நுட்பம் எப்போது பரவும், அதனால் வாசகர்களின் வாழ்க்கை எப்படி மாறும் என்பதை முதல் அதிகாரத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று எங்கள் குழு எதிர்பார்க்கிறது. இதற்காகப் பழைய முன்கணிப்புகளைத் தேடிப் படிக்கப் படிக்க, எனக்குத் தயக்கமே வளர்கிறது. பள்ளிகளில் புத்தகங்கள் விரைவில் வழக்கொழிந்து போகும், திரைப்படங்களே பாடம் நடத்தும் என்று 1913-ல் தாமஸ் எடிசன் சொன்னார். 2000-ஆம் ஆண்டையொட்டிக் காகிதமற்ற சமூகம் உருவாகிவிடும் என்று 1978-ல் நூலகவியல் அறிஞர் எஃப். டபிள்யூ. லங்காஸ்டர் எழுதினார். இருவருமே தத்தம் துறையை நன்கு அறிந்தவர்கள். ஆனாலும் கணிப்பு நடைமுறையோடு ஒத்துப்போகவில்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவைக் காட்டி, வாசகர் கேட்கும் தகவலைத் தேடித் தரும் குறிப்புதவிச் சேவைக்கு இனி ஆள் தேவையில்லை என்று குழுவில் ஒரு சாரார் வாதிடுகிறார்கள். இதுவும் கடந்துபோகும் அலைதான் என்கிறார்கள் மற்றவர்கள். இந்த இரண்டில் ஒன்றை நம்பித்தான் திட்டம் எழுத வேண்டுமா, அல்லது முன்கணிப்பை வேறு விதமாகப் பயன்படுத்த வழி உண்டா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நெடுங்கணக்கு:

நீங்கள் குறிப்பிட்ட இருவரோடு ஃபிரெமாண்ட் ரைடரையும் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழக நூலகராக இருந்த அவர், ஆய்வு நூலகங்களின் இருப்பு ஏறத்தாழ 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று 1944-ல் கணக்கிட்டுக் காட்டினார். அந்த வேகத்திலேயே போனால், யேல் பல்கலைக்கழக நூலகத்தில் 2040-ல் சுமார் 20 கோடி நூல்கள் இருக்கும், அவற்றை அடுக்க 6,000 மைலுக்கு மேல் அலமாரி வேண்டும், பட்டியலிட மட்டுமே 6,000 பணியாளர்கள் வேண்டும் என்பது அவருடைய கணக்கு. கூட்டல் பெருக்கலில் பிழையில்லை. ஆனால் நூல்களின் எண்ணிக்கை அதே வேகத்தில் ஏறிக்கொண்டே இருக்கும் என்ற அனுமானம் நிலைக்கவில்லை. தகவல் பெருகும் என்றவரை அவர் சொன்னது சரியாகவே இருந்தது. அது அச்சுத் தாளாகவே அலமாரியை வந்தடையும் என்பதுதான் பொய்த்தது. அதற்கு மாற்றாக அவர் முன்மொழிந்ததும், நூற்பக்கங்களை மிகச் சிறிதாக்கிப் படமாகப் பதிக்கும் நுண்பட அட்டையைத்தான். மறு ஆண்டே அமெரிக்கப் பொறியாளர் வனேவர் புஷ், ஒருவர் தம் நூல்களையும் குறிப்புகளையும் சேமித்து, ஒன்றோடொன்று இணைத்துத் தேடக்கூடிய மேசைக் கருவி ஒன்றைக் கற்பனை செய்தார். தொடர்புச் சங்கிலிகள் வழியே வாசிப்பது என்ற அவருடைய எண்ணம் இன்று நம் அன்றாடப் பழக்கம். ஆனால் அவர் அதற்கு நம்பியிருந்த ஊடகமும் நுண்படச் சுருள்தான்.

இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: மனிதர்களின் தேவை எந்தத் திசையில் நகர்கிறது என்பதை ஓரளவு கணிக்கலாம், ஆனால் அதை நிறைவேற்றப்போகும் கருவியையும் அது வந்து சேரும் ஆண்டையும் கணிப்பது மிகக் கடினம். குறிப்பாக, பழைய முறை எப்போது முழுவதும் மறையும் என்பதில் கணிப்பாளர்கள் எப்போதும் அவசரப்படுகிறார்கள். கணினியில் நூற்பட்டியல் தயாரிப்பதற்கான மார்க் வடிவம் 1960-களிலேயே உருவானது. ஆனால் நூலகங்களுக்கு நூற்பட்டியல் அட்டைகளை அச்சிட்டு அனுப்பிவந்த ஓசிஎல்சி நிறுவனம் தன் கடைசி அட்டைகளை அச்சிட்டது 2015-ல். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் இரண்டு முறைகளுக்கும் சேர்த்தே நூலகங்கள் பணமும் உழைப்பும் கொடுத்தன. உங்கள் திட்டத்தின் நிதிப் பகுதியில் இந்த இரட்டைச் செலவுக் காலத்துக்கு இடமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உரிமப்பிரிவு:

மேலே நண்பர் சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் கருவியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், நூலகங்கள் உண்மையில் அடிபட்ட இடம் கண்ணில் படாமல் போய்விடும். மின்னூல் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள், வந்தும்விட்டது. வாங்கிய நூல் வாங்கியவருக்கே சொந்தம் என்ற நிலை அதோடு போய்விடும் என்பதைத்தான் போதிய அளவு யாரும் எச்சரிக்கவில்லை. அச்சு நூலை ஒருமுறை வாங்கினால், அது கிழியும்வரை இரவல் கொடுக்கலாம். 2011-ல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம், நூலகங்களுக்கு விற்கும் மின்னூல் உரிமம் 26 இரவல்களோடு முடிவடையும் என்று அறிவித்தது. 2019-ல் மேக்மில்லன், புதிய மின்னூல் வெளிவந்த முதல் எட்டு வாரங்களுக்கு ஒரு நூலக அமைப்பு முழுவதற்கும் ஒரே ஒரு படிதான் என்று கட்டுப்படுத்தி, கடும் எதிர்ப்புக்குப் பின் 2020 மார்ச்சில் அதைத் திரும்பப் பெற்றது. இவை எவையும் தொழில்நுட்பத்தால் தவிர்க்க முடியாமல் நேர்ந்தவை அல்ல, வணிக முடிவுகள். ஆகவே முன்கணிப்பு அதிகாரத்தில் ‘என்ன வரும்’ என்பதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினால், ‘அதன் விதிகளை யார் வகுப்பார்கள்’ என்பதற்கு மூன்று பக்கமாவது ஒதுக்குங்கள்.

செயற்கை நுண்ணறிவுக்கும் இதே கேள்வியைப் போடுங்கள். குறிப்புதவிச் சேவையை நீக்கலாம் என்பவர்களிடம் ஒன்றைக் கேளுங்கள்: உரையாடு செயலி தந்த பட்டியலை நம்பி, எங்குமே வெளியாகாத ஒரு கட்டுரையைத் தேடி வரும் மாணவருக்கு, அது இல்லை என்பதை உறுதிசெய்து சொல்லப்போவது யார்? இந்த வேலை பல நூலகங்களில் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது.

ஏட்டுவாசல்:

இருவருக்கும் நன்றி. இரட்டைச் செலவுக் காலம் எங்கள் வரைவில் இல்லவே இல்லை, உடனே சேர்க்கிறேன். ஆனால் குழுவினர் ஒரே ஒரு எதிர்காலத்தை உறுதியாகச் சொல்லச் சொல்கிறார்களே, அதை எப்படிச் சமாளிப்பது?

மறுபக்கம்:

ஒற்றை எதிர்காலத்தை எழுதித் தராதீர்கள். ஒன்றுக்கொன்று மாறுபட்ட மூன்று நான்கு சூழல்களை எழுதி, ஒவ்வொரு செலவுத் திட்டமும் அவற்றுள் எத்தனையில் பயன் தரும் என்று பாருங்கள். ஷெல் எண்ணெய் நிறுவனம் 1970-களில் இந்த முறையைக் கையாண்டு பெயர் பெற்றது. சூழல்களை எழுதுவதற்கு முன் குழுவினரின் கருத்தைத் திரட்ட, 1950-களில் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் உருவான டெல்ஃபி முறை உதவும். ஒவ்வொருவரும் பெயர் தெரியாமல் தம் மதிப்பீட்டை எழுதுவார்கள். தொகுப்பைப் படித்தபின் அடுத்த சுற்றில் மாற்றிக்கொள்ளலாம். உரக்கப் பேசுபவரின் கருத்தே குழுவின் கருத்தாகிவிடுவதை இது தடுக்கும்.

எந்தச் சூழலிலும் தேவைப்படப்போகிறவை என்று சில உண்டு, அவற்றில்தான் துணிந்து பணம் போட வேண்டும். அமைதியாக உட்காரும் இடம், மின் இணைப்பு, இணையம், படிவம் நிரப்பத் தெரியாதவருக்குப் பக்கத்தில் இருந்து சொல்லித்தரும் ஆள் ஆகியவை என் பட்டியலில் முதலில் வருகின்றன. ஒவ்வொரு சேவையும் திரைக்கு மாறும்போதும், திரை இல்லாதவர் நூலகத்துக்குத்தான் வருகிறார். தொழில்நுட்பம் பரவப் பரவ நூலகத்தின் தேவை குறையும் என்ற கணிப்பு, இவர்களைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

மாறாக, திரும்பப் பெற முடியாத முடிவுகளைத் தள்ளிப்போடுங்கள். எண்மப் படி இருக்கிறது என்பதற்காக அச்சுத் தொகுப்பைக் கழிப்பது அப்படிப்பட்ட முடிவு. 1086-ல் இங்கிலாந்தில் தோலில் எழுதப்பட்ட டூம்ஸ்டே நிலக்கணக்கேட்டை இன்றும் படிக்க முடிகிறது. அதன் 900-ஆம் ஆண்டையொட்டி பிபிசி 1986-ல் லேசர் வட்டில் வெளியிட்ட புதிய தொகுப்பைப் படிக்கும் கருவிகளோ, பதினைந்து ஆண்டுகளுக்குள்ளாகவே அரிதாகிவிட்டன. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது, அதன் முதன்மை நூற்பட்டியல் இணையத்துக்குத் திரும்பவே 2024 ஜனவரி ஆயிற்று.

நீங்கள் எந்த மென்பொருளை வாங்கினாலும், உங்கள் பட்டியல் தரவு முழுவதையும் பொதுவான வடிவத்தில், கூடுதல் கட்டணமின்றி, கேட்ட நேரத்தில் தர வேண்டும் என்ற விதியை ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். அந்தத் தரவை ஆண்டுக்கு ஒருமுறை உண்மையிலேயே வெளியே எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பார்க்கும் பொறுப்பை ஒரு பணியாளரின் பணிப்பட்டியலில் எழுதுங்கள். அதற்கான நேரத்தையும் திட்டத்திலேயே ஒதுக்குங்கள், இல்லையேல் அந்த வேலை நடக்காது.