திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதி உண்மையிலேயே இரட்டை இலைக் கோட்டையா?

சிறுமலைக் காற்று:
2024-ல் மார்க்சிஸ்ட் கட்சியின் சச்சிதானந்தம் ஜெயித்ததிலிருந்து வீட்டில் ஒரே விவாதம். திண்டுக்கல் எப்போதும் அதிமுக கோட்டை என்கிறார் அப்பா. 2019-ல் திமுகவின் வேலுச்சாமி 5 லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தாரே என்றால், "அதெல்லாம் கூட்டணிக் கணக்கு" என்று முடித்துவிடுகிறார். பழைய கதை தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பழைய பிரஷ்:
அப்பா சொல்வதில் பாதி சரி தம்பி. அதிமுக இங்கே எட்டு முறை ஜெயித்திருக்கிறது. ஆனால் அந்தக் கட்சி 1972 அக்டோபரில்தான் பிறந்தது. அதற்கு முன்னால் 1952, 57, 62 மூன்றும் காங்கிரஸ், 67-ம் 71-ம் திமுக.

71-ல் ஜெயித்த ராஜாங்கம் இறந்துபோக, 1973 மே மாதம் இடைத்தேர்தல். எனக்கு முழுப்பரீட்சை லீவு. என் அப்பா சுவரெழுத்து ஓவியர், நான் சுண்ணாம்பு வாளி தூக்கும் ஆள். அதிமுகவுக்கு ஏழு மாசக் குழந்தை வயசு, சின்னமே கிடையாது. இருந்த சுயேச்சைச் சின்னங்களில் இரட்டை இலையை எடுத்தவர் வேட்பாளர் மாயத்தேவர், வக்கீல்.

எங்கள் தொழிலில் இருப்பவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஒரு தண்டு, இந்தப் பக்கம் ஒரு வளைவு, அந்தப் பக்கம் ஒரு வளைவு, முடிந்தது. உதயசூரியனுக்கு மலை இரண்டும் சமமாக வரவேண்டும், கதிர்கள் கோணினால் கட்சிக்காரர் சண்டைக்கு வருவார். இந்திரா காங்கிரஸுக்குப் பசுவும் கன்றும். காமராஜரின் ஸ்தாபன காங்கிரஸுக்கு ராட்டை சுற்றும் பெண். அதை ஒரு சுவரில் முடிப்பதற்குள் இலைக்காரன் தெருவையே முடித்துவிடுவான். என் கையால் நான் முதலில் வரைந்ததும் இலைதான், தண்டு மட்டும் கொஞ்சம் தடித்துவிட்டது.

மாயத்தேவர் சுமார் 1.4 லட்சம் வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆளுங்கட்சியான திமுக மூன்றாம் இடம். இரண்டாவதாக வந்தவர் ஸ்தாபன காங்கிரஸின் என்.எஸ்.வி. சித்தன். அவரை மறக்காதீர்கள். 23 வருடம் கழித்து 1996-ல் தமிழ் மாநில காங்கிரஸில் நின்று ஜெயித்தார், அப்புறம் காங்கிரஸில் 2004, 2009. மனிதர் விடவே இல்லை.

இலையைக் கொண்டுவந்த மாயத்தேவரே 1980-ல் சூரியனில் நின்று ஜெயித்தார். கோட்டை என்று சொல்கிறவர்களிடம் இதைக் கேளுங்கள்.

வேடசந்தூர் ஓட்டு:
அண்ணே, ஒரு புலம்பல். எங்களுக்கு மாவட்டம் திண்டுக்கல், தாலுகா வேடசந்தூர், எம்.பி. மட்டும் கரூர்! 2008 தொகுதி மறுசீரமைப்பு செய்த வேலை. அதே கையோடு பழனி நாடாளுமன்றத் தொகுதியே காணாமல் போய், பழனியும் ஒட்டன்சத்திரமும் திண்டுக்கல்லுக்குள் வந்துவிட்டன. அதனால் 1973-ஐயும் 2019-ஐயும் ஒரே தொகுதியாக எண்ணி ஒப்பிடுவது சரியில்லை.

தறிச்சத்தம்:
பெண்களையும் சொல்லுங்கள். 1952-ல் அம்மு சுவாமிநாதன், நேதாஜி படையின் கேப்டன் லட்சுமிக்கு அம்மா. 1962-ல் காந்திகிராமத்தை உருவாக்கிய டாக்டர் சௌந்தரம், மத்தியில் கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தார். அதற்குப் பிறகு இங்கே ஒரு பெண்கூட எம்.பி. ஆகவில்லை. சட்டமன்றத்துக்கு மட்டும் மார்க்சிஸ்ட் பாலபாரதியை 2001, 2006, 2011 என்று தொடர்ந்து மூன்று முறை அனுப்பினோம். அதனால் 2024 முடிவு எனக்கு அவ்வளவு அதிர்ச்சி இல்லை.

சிறுமலைக் காற்று:
எல்லாவற்றையும் அப்பாவிடம் படித்துக்காட்டினேன். 1980 விஷயத்தில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அதிமுகவில் சீனிவாசன் நாலு தடவை ஜெயித்தாரே, அது?" என்றார்.

பழைய பிரஷ்:
89, 91, 98, 99. அதை யார் மறுக்கிறார்கள்? ஆனால் 2019-ல் பாமகவுக்கும் 2024-ல் எஸ்டிபிஐக்கும் தொகுதியை விட்டுக்கொடுத்தது யார் என்று பதிலுக்குக் கேளுங்கள். கோட்டையை யாராவது வாடகைக்கு விடுவார்களா?

சிறுமலைக் காற்று:
சரி ஐயா. அந்த 73-ல் உங்கள் அப்பா எந்தக் கட்சி?

பழைய பிரஷ்:
திமுக. ராத்திரியெல்லாம் இலை வரைந்து கூலி வாங்குவார். விடிவதற்குள் நாலு சுவரில் சூரியன் போட்டுவிட்டு வருவார், அதற்குக் காசு வாங்கமாட்டார். இரண்டு வேலைக்கும் வாளி தூக்கியது நான்தான்.