மறுமொழி: ‘உலகைத் தொகுத்தல்’ என்னும் சொல்லாக்கம் பற்றி

ஐயா அவர்களுக்கும் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஃபிரீபிஎஸ்டி என்னும் இயங்குதளத்தை அதன் மூலநிரலிலிருந்தே உருவாக்கிப் புதுப்பிக்கும் முறைக்குத் தாங்கள் முன்வைத்த தமிழ்ச் சொற்கள் பற்றிய மறுமொழி இது.

> ஃபிரீபிஎஸ்டி கையேட்டில் ‘பில்ட்வேர்ல்டு’ என்பதை ‘உலகைத் தொகுத்தல்’ என்றும், மொத்தச் செயலையும் ‘மூலநிரல்வழி மேம்படுத்தல்’ என்றும் எழுதலாம்.

‘மூலநிரல்வழி மேம்படுத்தல்’ நல்ல சொல். ஆயத்தமான இருமக் கோப்புகளை இறக்கிப் போட்டுக்கொள்ளும் முறையிலிருந்து இம்முறையை அது தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. தாங்கள் முதலில் தந்த தொடரில்தான் எனக்கு இரண்டு தடைகள் உள்ளன.

முதல் தடை, ‘தொகுத்தல்’. மூலநிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரைத் தொகுப்பி என்கிறோம் என்பது உண்மையே. ஆனால் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையைத் திருத்த அழுத்த வேண்டிய பொத்தானின் பெயரும் ‘தொகு’ என்பதுதான். இந்த மேம்படுத்தலில் அமைவுக் கோப்புகளைக் கையால் திருத்தும் கட்டமும் வருவதால், கடலூரிலோ புதுச்சேரியிலோ கையேட்டைத் திறக்கும் மாணவர் ஒரே அதிகாரத்தில் அச்சொல்லை இரு பொருளில் படிக்க நேரும். மேலும், ‘பில்ட்வேர்ல்டு’ என்னும் கட்டளை நிரல்களை மொழிபெயர்ப்பதோடு நிற்பதில்லை. பணிக்கு வேண்டிய கருவிகளை முதலில் புதிய மூலநிரலிலிருந்து உருவாக்கிக்கொண்டு, அவற்றைக் கொண்டே நூலகங்களையும் ஏனைய நிரல்களையும் உருவாக்குகிறது.

ஆகவே ‘ஆக்கல்’ என்பதை முன்மொழிகிறேன். கட்டளையின் பெயரே ‘மேக்’ என்றிருப்பதால் இது நேராகப் பொருந்துகிறது. நம் பக்கத்துச் சிற்றூர்களில் இன்றும் சோறு ஆக்குவது என்றுதான் சொல்கிறோம். ஆக்குவது வேறு, இலையில் இடுவது வேறு. கையேட்டில் மாணவருக்கு அழுத்திச் சொல்ல வேண்டியதும் இந்த வேறுபாட்டைத்தான். ஆக்கல் நடக்கும்போது விளைவுகள் யாவும் ‘யுஎஸ்ஆர்’ அடைவுக்குள் (கோப்புறைக்குள்) இருக்கும் ‘ஓபிஜே’ அடைவில் சேர்கின்றனவேயன்றி, ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தின் கோப்பு எதுவும் மாறுவதில்லை. நடுவில் மின்சாரம் போனாலும் மறுபடி தொடங்கிவிடலாம். நிறுவலின் நடுவில் போனால், பாதி பழையதும் பாதி புதியதுமாகக் கணினி எழும்பாமலே போகக்கூடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்த பிறகு நாள் கணக்கில் இருட்டில் கிடந்த நம் ஊர்களுக்கு இந்த எச்சரிக்கையை விரித்துச் சொல்லத் தேவையிராது. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேகமான ஒரு கணினியில் ஆக்கி, அதே அடைவுகளை வலையமைப்பு வழியே பகிர்ந்து மற்றக் கணினிகளில் நிறுவலாம் என்பதும், இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும் என்பதற்குச் சான்று.

நிறுவலிலும் வரிசை உண்டு. இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலை, அதாவது புதிய கருவை நிறுவி, கணினியை மறுபடி தொடக்கி, அது ஒழுங்காக எழுகிறதா என்று பார்த்த பின்னரே மற்றவற்றை நிறுவ வேண்டும். புதிய கருவின்மேல் பழைய நிரல்கள் பொதுவாக ஓடும். பழைய கருவின்மேல் புதிய நிரல்கள் ஓடும் என்பதற்கு உறுதியில்லை. கரு எழவில்லை என்றால் ‘கர்னல்.ஓல்டு’ என்ற பெயரில் காத்துவைக்கப்பட்டிருக்கும் பழைய கருவைக் கொண்டு மீளலாம். மணிக்கணக்கில் ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்காமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நிறுவினால், அந்தப் பாதுகாப்பை இழந்துவிடுகிறார்.

இரண்டாவது தடை, ‘உலகு’. ஃபிரீபிஎஸ்டியில் ‘வேர்ல்டு’ என்பது இயங்குதளத்தோடு சேர்ந்தே வரும் அடித்தொகுதியில் கரு நீங்கலாக உள்ள பகுதியை மட்டும் குறிக்கும். தனியாகச் சேர்த்துக்கொள்ளும் மென்பொருள்கள் அதில் அடங்கா. ‘உலகு’ என்று படிக்கும் தமிழர் எல்லாமே அடங்கியது என்றுதான் கொள்வார். ‘பயனர்வெளி’ என்றாலோ அந்தச் சேர்க்கை மென்பொருள்களும் உள்ளே வந்துவிடுகின்றன. புதுச்சேரி நண்பர் ஒருவர், பிரெஞ்சில் கர்னலை ‘நுவாயோ’ என்பதையும், பழக்கொட்டைக்கும் அணுக்கருவுக்கும் அதே சொல் வழங்குவதையும் முன்பு சுட்டியிருந்தார். ‘கரு’ நமக்கும் பொருந்துவதால், அதைச் சூழ்ந்திருக்கும் பகுதியை, பெருமூளைப் புறணி என்று உயிரியலில் வழங்கும் அதே பொருளில், ‘புறணி’ எனலாம். வேறு வகைப் புறணி நினைவுக்கு வந்து வகுப்பில் சிரிப்பொலி எழும். எழட்டும், சொல் மனத்தில் நிற்கும். எனவே கருவாக்கல், புறணியாக்கல், கரு நிறுவல், புறணி நிறுவல் என நான்கு சொற்கள் கிடைக்கின்றன.

அமைவுக் கோப்புகளில் நாம் செய்த மாற்றங்களையும் புதிய பதிப்பின் மாற்றங்களையும் ஒன்றுசேர்க்கும் ‘எட்க்அப்டேட்’ பணிக்கு ‘இணக்கல்’ போதும் என்று நினைக்கிறேன்.

இறுதியாகப் பழைய கோப்புகளை நீக்கும் கட்டத்தைக் ‘களைதல்’ எனலாமா என்பதில்தான் தயக்கம். பழைய நிரல்களையும் பழைய நூலகங்களையும் நீக்க வெவ்வேறு கட்டளைகள் உள்ளன. சேர்க்கை மென்பொருள்கள் பழைய நூலகங்களைச் சார்ந்திருக்கலாம் என்பதால், அவற்றையும் புதிதாக ஆக்கிய பின்னரே நூலகங்களில் கைவைக்க வேண்டும். ‘களைதல்’ என்றால் உடனே செய்துவிட வேண்டிய வேலை போல ஒலிக்கிறது. பொருத்தமான வேறு சொல் இருப்பின், குழுவினர் தெரிவிக்க வேண்டுகிறேன்.